மாப்பிள்ளைக்கு லிக்காமா இருக்கா?

விழாவுக்குத் தலைமை தாங்கி, வெயிலைத் தாங்கி, இனி நான் பேசப்போகும் பேச்சையும் தாங்கவிருக்கிற ஐன் சித்ரா ஊரின் புதினா விவசாயிகள் சங்கத்தின் தலைவர், தளராத தோள்காரர், தணியாத கோபக்காரர், ஹாஜ் மஅத்தி அவர்களே! வெண்தாடி வருடியபடி வீற்றிருக்கும் பெரியோர்களே! பந்தலின் வலப்பக்கத்தைப் பூந்தோட்டமாக்கி, பேச்சு நீண்டால் எழுந்து போய்விடலாம் என்று செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! மராக்கேஷ் சந்தையின் மாண்புமிகு வியாபாரிகளே! வேலிக்கு வெளியே நின்று விழாவை விட வாசனையை அதிகம் ரசிக்கும் கழுதைகளின் உரிமையாளர்களே! ஒலிபெருக்கிக்காரரே... ஐயா, அந்தக் கூவலைக் கொஞ்சம் குறையுங்கள், அது என்னை விட நன்றாகப் பேசுகிறது! உங்கள் அத்தனை பேருக்கும், உங்கள் ஏலக்காரன் பூஅஸ்ஸாவின் ஈரம் காயாத ஸலாம்!

என்னைத் தெரியாதவர்கள் இருக்கிறீர்களா? இருக்க முடியாது. விடியற்காலையில் புதினாச் சந்தையில் முதலில் எழும் குரல் என்னுடையது. அதைக் கேட்டுத்தான் சேவல் எழுகிறது. சேவலுக்குச் சம்பளம் கிடையாது, எனக்குச் சம்பளம் உண்டு, எங்களுக்குள் அவ்வளவுதான் வித்தியாசம்.

"பூஅஸ்ஸா, முதல் அறுப்பு விழாவுக்கு வா, புதினாவின் சமையல் பயனும் மருத்துவப் பயனும் என்ற தலைப்பில் பேசு" என்றார்கள். யாரிடம் சொல்கிறார்கள்? மீனிடம் போய், தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல் என்கிறார்கள்!

அன்பர்களே! புதினா போடாத தேநீர் தேநீரா? இல்லை, அது நிறம் மாறிய வெந்நீர்! புதினா தூவாத ஆரஞ்சுத் துண்டு விருந்தா? இல்லை, அது நோயாளிக்குக் கொடுக்கும் பழம்! வெள்ளரிக்காயை நறுக்கி, உப்பைத் தூவி, எலுமிச்சையைப் பிழிந்து, மேலே நாலு புதினா இலையைக் கிள்ளிப் போடாதவள் சமையல்காரியா? ... அம்மா, நான் உங்களைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன். கரண்டியைக் கீழே வையுங்கள்.

பச்சையாய்ப் பறித்தால் பானத்துக்கு! காயப்போட்டால் கஞ்சிக்கு! கசக்கினால் காய்ச்சலுக்கு! கொதிக்கவிட்டால் கோழைக்கு! அரைத்தால் ஆட்டுக்கறிக்கு! அடுக்களையில் இருக்கிற எந்த இலை இத்தனை வேலை பார்க்கிறது? வயிறு உப்பினால் யாரைக் கூப்பிடுகிறோம்? புதினாவை! மூக்கு அடைத்தால் யாருடைய ஆவியில் முகத்தைக் காட்டுகிறோம்? புதினாவின் ஆவியில்! தலை இடித்தால் நெற்றியில் எதை ஒட்டுகிறோம்? பஸ்ஸில் மலையேறும்போது குமட்டினால் எதை முகர்கிறோம்? ... என்ன? யாரது பின்னால்? "மச்சினன் வந்து மூணு வாரமாப் போகாம இருந்தா அதுக்கு என்ன மருந்து?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. அதற்கும் புதினாதான். அவனுடைய தேநீரில் மட்டும் போடாதே. தானாகப் பெட்டியைக் கட்டிவிடுவான்.

இத்தனையும் உங்களுக்குத் தெரியும். தெரிந்ததையே சொல்வதற்கு மேடை எதற்கு, மாலை எதற்கு, இந்த மைக் எதற்கு? ஆகவே புதினாவின் இன்னொரு மருத்துவக் குணத்தைச் சொல்லப்போகிறேன். அது மனிதனின் பிடிவாதத்தைக் கரைக்கும்! நான் கண்ணால் கண்டேன்! ... தலைவர் திரும்பிப் பார்க்கிறார். ஹாஜியாரே, நான் யாருடைய பெயரையும் சொல்லவே இல்லையே! சரி, சொல்லிவிடுகிறேன். அது உங்கள் வீட்டுக் கதைதான்.

உட்காருங்கள் ஹாஜியாரே, உட்காருங்கள். மாலை போட்டபிறகு எழுந்து போனால் மாலையைத் திருப்பிக் கேட்பார்கள்.

அன்பர்களே, ஒரு கேள்வி. உரக்கச் சொல்ல வேண்டும். கடற்கரைப் பக்கத்து நகரத்துக்காரர்கள் இந்தச் செடிக்கு என்னென்னவோ நாகரிகப் பெயர் சொல்வார்கள். நாம் என்ன சொல்கிறோம்?

லிக்காமா! ஆகா, காது குளிர்கிறது!

வளைகுடா நாட்டுக்குப் போய் வேலை பார்க்கிறவன், தூங்கும்போதும் சட்டைப் பையில் தடவிப் பார்த்துக்கொள்கிறானே, அங்கே தங்குவதற்கு அனுமதி தரும் அட்டை, அதற்கு என்ன பெயர்?

இக்காமா! அதையே நம் ஊர் நாக்கு, முன்னால் ஒரு 'ல்' ஒட்டவைத்துச் சொன்னால்?

லிக்காமா! அவ்வளவுதான். கதை முழுவதும் இந்த ஒரு 'ல்'லில்தான் தொங்குகிறது.

நம் தலைவர் அப்போது தலைவர் இல்லை. வளைகுடாவில் ஒரு பெரிய வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆண்டு முழுவதும் அங்கே, ஒரே ஒரு மாதம் இங்கே. அப்படி ஒருமுறை விடுமுறையில் வந்தவர், "என் மகள் ஹனியாவுக்கு இந்தத் தடவை கல்யாணத்தை முடிச்சிட்டுத்தான் பிளேன் ஏறுவேன். மாப்பிள்ளைக்கு லிக்காமா இருக்கணும். இல்லாதவன் என் வாசல் பக்கம் வரக்கூடாது" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஊர் என்ன நினைத்தது? சந்தேகமே இல்லாமல் புதினா என்று நினைத்தது! இத்தனை வருடம் பாலைவனத்தில் காய்ந்த மனிதர், மகளையாவது பச்சைப் பசேலென்று ஒரு தோட்டக்காரனுக்குக் கொடுக்க ஆசைப்படுகிறார், பாவம், என்று நாங்கள் உருகிப்போனோம்.

அந்தச் செய்தி கேட்டுத் துள்ளியவன் ஒருவன். மீமூன். அதோ, தூணுக்குப் பக்கத்தில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெட்கப்படுகிறானே, அவனேதான். ஓடைக்கரைப் புதினாத் தோட்டம் அவனுடையது. காலையில் வண்டியோடு தெருத் தெருவாகப் போவான். ஹாஜியார் வீட்டுக் கதவைத் தட்டுவான். ஹனியா திறப்பாள்.

"இது நேத்து அறுத்ததுதானே?"

"ஐயோ, இப்பத்தான் அறுத்தேன். பாரு, பனி கூடக் காயல."

"பனியா? நீ தண்ணி தெளிச்சிருப்ப. எனக்கு வேணாம், வேற கட்டு கொண்டு வா."

வேறு கட்டுக்காகத் தோட்டத்துக்கு ஓடுவான், மூச்சு வாங்கத் திரும்பி வருவான், அதையும் முகர்ந்து பார்த்துவிட்டு, "முதல்ல கொண்டு வந்ததே பரவாயில்ல" என்பாள். அந்த வீட்டில் இருந்தது தாயும் மகளும். அவர்கள் வாங்கிய புதினாவோ ஒரு கல்யாண வீட்டுக்குக் காணும்! தாய் கல்தூமுக்கு இது தெரியாதா? தெரியும். புதினா வாசனையை மறைக்க எந்தக் கதவால் முடியும்?

பெண் கேட்கப் போனோம். மீமூனின் தாய் ஃபாத்னா, மீமூன், அப்புறம் குரல் வேண்டுமே என்று நான். முறைப்படி சர்க்கரைக் கூம்புகள், பேரீச்சம்பழம், பால் எல்லாம் கொண்டு போனோம். என் முன்னால் தேன் ஊறிய அடுக்கு ரொட்டியை வைத்தார்கள். ஆகவே முக்கியமான நேரத்தில் என் வாய் வேறு வேலையில் இருந்தது. பேச்சு ஃபாத்னாவுக்கும் ஹாஜியாருக்கும் நடந்தது. அதை அப்படியே சொல்கிறேன், ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை!

"பையனுக்கு லிக்காமா இருக்கா?"

"இருக்காவா? என்ன ஹாஜியாரே இப்படிக் கேட்டுட்டீங்க! அவங்க வாப்பா காலத்துலேர்ந்து லிக்காமாதான் எங்களுக்குச் சோறு போடுது!"

"அட, அவருக்கும் இருந்துச்சா?"

"அவருக்கு இருந்துச்சு, அவர் தம்பிக்கு இருந்துச்சு. அவர் மவுத்தானதும் இவன் பேருக்கு வந்துருச்சு."

ஹாஜியாரின் புருவம் தலைப்பாகை வரை ஏறியது. "வாப்பா பேர்ல இருந்ததை மகன் பேருக்கு மாத்திக் குடுத்தாங்களா? அங்க அப்படி நான் கேள்விப்பட்டதே இல்லையே!"

"யார் குடுக்கறது? எங்களுது, நாங்க வச்சுக்கறோம்."

"சரி, எத்தனை வருஷத்துக்குச் செல்லும்?"

"வருஷக் கணக்கா? ஒரு தடவை வேர் புடிச்சிருச்சுன்னா அவ்வளவுதான், எவனாலயும் கிளப்ப முடியாது!"

"யா அல்லாஹ், நிரந்தரமா! புதுப்பிக்கவே வேணாமா?"

"அப்பப்பத் தண்ணி விட்டாப் போதும்."

ஹாஜியார் கண்ணைச் சிமிட்டினார். "புரியுது, புரியுது. அதிகாரிங்க எல்லா ஊர்லயும் அப்படித்தான்!"

சிரிக்கிறீர்கள். தலைவரும் சிரிக்கிறார், மீசைக்கு அடியில் பாருங்கள்! ஆனால் அன்றைக்கு அந்தக் கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மார்க்க விஷயம் பேசுவதுபோல் முகத்தை வைத்திருந்தோம். அடுக்களையில் மட்டும் ஏதோ பாத்திரம் விழுந்தது. ஹனியாவுக்கு வாப்பாவின் கடிதங்களைப் படித்துப் படித்து இரண்டு சொல்லும் தெரியும். நடப்பது புரிந்துவிட்டது. முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க மாவு மூட்டையின் மேல் விழுந்து புரண்டாளாம். வெளியே வந்து உண்மையைச் சொன்னாளா? சொல்வாளா? ஆசைப்பட்டவன் கிடைக்கப்போகிறான், ஒரு 'ல்'லுக்காக யார் வாயைத் திறப்பார்கள்?

நிச்சயதார்த்த நாள். அஸர் தொழுகை முடிந்தது. ஹாஜியாரின் சொந்தபந்தம் கூடம் நிறைய. "பையன் நம்ம எல்லாரையும் மிஞ்சிட்டான், நிரந்தர லிக்காமா!" என்று அவர் சொல்லச் சொல்ல, உறவுக்காரர்கள் எல்லாம், "நிரந்தரமா? அது எந்த ரகம்?" என்று விழித்தார்கள். ஹாஜியாருக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து நின்று கையைத் தட்டி, "மாப்பிள்ளை! உங்க லிக்காமாவை இங்க கொண்டு வாங்க, எல்லாரும் கண்ணாரப் பாக்கட்டும்!" என்றார்.

மீமூனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. வாசலுக்கு ஓடினான். வண்டியிலிருந்து இரண்டு கையாலும் அள்ள முடியாத அளவுக்கு அள்ளிக்கொண்டு வந்தான். முதல் அறுப்பு! பச்சை என்றால் பச்சை, பார்த்தாலே பசிக்கிற பச்சை! அதை அப்படியே ஹாஜியாரின் மடியில் கொட்டினான்.

கூடம் மணந்தது. கூட்டம் மலர்ந்தது. மாமனார் மட்டும் மரமாகிப்போனார்.

"இது என்ன?"

"லிக்காமா, ஹாஜியாரே."

"நான் கேட்டது இக்காமாடா! அட்டை! போட்டோ ஒட்டின அட்டை!"

"போட்டோவா? புதினாவுக்கு யாரு போட்டோ எடுப்பா?" என்று ஃபாத்னா உண்மையிலேயே சந்தேகம் கேட்டாள்.

அப்புறம் வந்தது பாருங்கள் கோபம்! "ஏமாத்திட்டீங்க! சந்தையில கட்டு விக்கிற பயலுக்கா என் பொண்ணு? என்கூடப் பிளேன்ல கூட்டிட்டுப் போகலாம்னு அங்க முதலாளிகிட்ட வேலை வரைக்கும் சொல்லி வச்சிருக்கேன்! எடுங்க உங்க சர்க்கரையை!"

ஃபாத்னா விடுவாளா? "ஹாஜியாரே, வாயை அளந்து பேசுங்க! நாலு பேர் முன்னாடி என் புள்ளையைக் கேவலப்படுத்தாதீங்க. கேட்டது நீங்க. குடுத்தது நாங்க. உங்களுக்குப் பேசத் தெரியலைன்னா நாங்க என்ன பண்றது?"

அன்பர்களே, இங்கே சிரிப்பை நிறுத்துங்கள். கொடுத்த சர்க்கரைக் கூம்பு பெண் வீட்டு வாசலைத் தாண்டித் திரும்பி வந்தால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சம்பந்தம் செத்தது. பிறகு யார் வந்து பேசினாலும் உயிர் வராது. மீமூன் குனிந்து சர்க்கரைக் கூம்புகளை எடுத்தான். கீழே சிதறிய புதினாவை யாரும் மிதித்துவிடக் கூடாதென்று ஒதுக்கி வைத்தான். வாசலை நோக்கி நடந்தான். ஊரையே எழுப்புகிற தொண்டை எனக்கு, அன்றைக்கு அதிலிருந்து காற்றுக் கூட வரவில்லை.

"நில்லுங்க."

சொன்னது ஹனியா! கையில் தேநீர்க் கெண்டி, மூடி திறந்து, ஆவி பறக்கிறது. பெண் தன் கையால் மாப்பிள்ளைக்குத் தேநீர் ஊற்றினால் சம்மதம். ஊற்றாமல் கெண்டியைக் கவிழ்த்தால் இல்லை. அதுதானே நம் ஊர் வழக்கம்? தாய்மார்களே, நீங்களெல்லாம் ஊற்றியவர்கள்தானே? ... "அன்னைக்குக் கவுத்திருக்கணும்" என்கிறார் ஒரு அம்மா. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளுங்கள் அம்மா.

ஹனியா வாப்பாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவர் மடியில் கிடந்த புதினாவில் ஒரு கொத்தை எடுத்தாள்.

"வாப்பா, இக்காமான்னா என்ன அர்த்தம்?"

"அது... தங்கறதுக்கு அனுமதி."

"எங்க தங்கறதுக்கு?"

"அங்கதான். வேற எங்க?"

"இங்க தங்கறதுக்கு யாராவது குடுப்பாங்களா வாப்பா?"

ஹாஜியார் மடியிலிருந்த ஒரு புதினாக் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சின்னப் புள்ளையா இருந்தப்ப நீங்க லீவுல வந்தீங்க. நான் உம்மா பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு, 'இந்த மாமா எப்ப போவாரு?'ன்னு கேட்டேனாம். உம்மா அன்னைக்கு முழுக்க அழுதாங்களாம். நீங்க எங்களுக்காகத்தான் போனீங்க, எனக்குத் தெரியும். நீங்க அனுப்பின துணியைத்தான் போட்டேன். நீங்க கட்டின கூரைக்குக் கீழதான் தூங்கினேன். ஆனா உங்களை எனக்குக் கடுதாசியிலயும் போன்லயும்தான் தெரியும். எனக்கும் லிக்காமா உள்ள மாப்பிள்ளைதான் வேணும் வாப்பா. தங்கற மாப்பிள்ளை. காலையில கதவைத் தட்டணும், மறுநாளும் அவரே தட்டணும். எனக்கு அது போதும்."

புதினாவைக் கிள்ளிக் கெண்டிக்குள் அமுக்கினாள். மூடினாள். கையை உயர்த்தி, மேலிருந்து நூல் பிடித்தாற்போல் ஊற்றினாள், நுரை தலைப்பாகை கட்டி நின்றது. முதல் கிளாஸை மீமூனுக்குக் கொடுக்கவில்லை. தகப்பனுக்கு நீட்டினாள்.

"நீங்க குடிச்சீங்கன்னா அடுத்த கிளாஸ் அவருக்கு. குடிக்கலைன்னா கெண்டியைக் கவுத்துட்டு உள்ள போயிடறேன். அதுக்கப்புறம் நான் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ஹாஜியார் கிளாஸைப் பிடித்திருந்தார். மீமூன் சர்க்கரையோடு வாசற்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நான் எத்தனையோ ஏலம் போட்டவன், கடைசி விலைக்காகக் காத்திருந்து பழகியவன். அன்றைக்குக் காத்த காத்திருப்பு என் எதிரிக்கும் வரக்கூடாது.

குடித்தார்! ஒரே மூச்சில் குடித்தார்! கொதிக்கக் கொதிக்கக் குடித்தார்! நாக்கு வெந்தது, கண்ணில் நீர் கொட்டியது. "சூடு... ரொம்பச் சூடு" என்றார். சூட்டால் வந்த கண்ணீர் என்று நாங்களும் ஒத்துக்கொண்டோம். "அவனுக்கு ஊத்துடி" என்றார் மகளிடம். "சர்க்கரையைக் கீழ வையிடா" என்றார் மருமகனிடம்.

குலவை என்றால் குலவை, மாடிப் புறாவெல்லாம் பறந்தன! ஃபாத்னா ஓடிப்போய் ஹனியாவைக் கட்டிக்கொண்டாள். நான் மீதி ரொட்டியைத் தேடினேன்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஹாஜியார் பெண்கள் பக்கம் திரும்பினார். எப்போதும் அதட்டுகிற குரல், அன்றைக்குக் கடன் கேட்கிறவன் குரல் மாதிரி மெலிந்திருந்தது.

"கல்தூம்... நானும் இங்கயே தங்கிடட்டுமா?"

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். எத்தனை வருடத்துப் பார்வை அது! கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"தங்கலாம். ஆனா என்கிட்ட இக்காமா எடுக்கணும். வருஷா வருஷம் புதுப்பிக்கணும்."

அவையோரே! அரசுகள் அட்டை தரும், அனுமதி தரும், அந்நிய மண்ணில் ஒரு கட்டில் தரும். சொந்த வீட்டில் தங்குவதற்கு அனுமதி தர எந்த அலுவலகம் இருக்கிறது? எந்த அதிகாரி இருக்கிறார்? கதவைத் திறக்கிற ஒரு பெண் இருக்கிறாள்! கண் விழித்ததும் தேடுகிற ஒரு பிள்ளை இருக்கிறது! அவர்கள் தருவதே அனுமதி! போனவர்கள் எல்லாம் ஒருநாள் வரட்டும்! வந்தவர்கள் தங்கட்டும்! வழியனுப்ப விமான நிலையம் போய்ப் போய்ச் சிவந்த கண்கள் இனிமேல் வெங்காயம் நறுக்கும்போது மட்டும் கலங்கட்டும்!

என்ன அங்கே பெண்கள் பக்கம் சத்தம்? யார் எழுந்து நிற்பது? கல்தூம் அம்மாவா? என்னம்மா சொல்கிறீர்கள், உரக்கச் சொல்லுங்கள்...

"இந்த வருஷத்துக்கு அவர் இன்னும் புதுப்பிக்கல!"

கேட்டீர்களா? தலைவர் எழுந்துவிட்டார். மாலையைக் கழற்றுகிறார். தேநீர் கொடுக்கிற பையனிடமிருந்து கெண்டியை வாங்குகிறார். மேடையை விட்டு இறங்கி அந்த அம்மாளிடம் போகிறார். இதற்குமேல் நான் பேசினால் குற்றம். கேட்ட காதுகளுக்கு நன்றி, கைதட்டிய கைகளுக்கு நன்றி, கனைக்காமல் இருந்த கழுதைகளுக்கும் நன்றி! உங்கள் வீட்டுக் கெண்டிகள் என்றும் நிறைந்திருக்கட்டும், அஸ்ஸலாமு அலைக்கும்! எல்லோரும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுங்கள், ஹாஜியார் தேநீர் ஊற்றப்போகிறார்!